பிரேக்கில் புகுந்த காற்று

இளம் அறிவியல் (இயற்பியல்) இரண்டாம் ஆண்டு மாணவன், பாளையம்பட்டி

ஓடுவதற்கு வேண்டிய ஆற்றலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நிற்பதற்கு வேண்டிய ஆற்றலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பழைய கார் ஒன்றை விலை பேச வருபவர், ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?’ என்று கேட்கிறார். ‘அறுபதில் போகும்போது எத்தனை அடியில் நிற்கும்?’ என்று அவர் கேட்பதில்லை. மதுரை – தூத்துக்குடி நாற்கரச் சாலையில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நாள் நின்று பார்த்தால் இரண்டாவது கேள்வியின் அருமை விளங்கும். ஆட்டுக் கிடை குறுக்கே வரும். ஆலை மாறுதல் நேரத்தில் சைக்கிள்கள் சாரை சாரையாக வரும். பள்ளிப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அந்த நொடியில் வண்டியோட்டியின் வலது காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள உறவு ஒரு மெல்லிய குழாயில் நிற்கும் திரவம் மட்டுமே. அத்திரவத்தில் ஒரு குமிழ் காற்று புகுந்துவிட்டால் என்ன ஆகும், அதை வீட்டிலேயே எப்படி வெளியேற்றலாம் என்பதை இயற்பியல் வழி நின்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் வாடகை வேன் ஓட்டுபவர். தாய்மாமன் பாளையம்பட்டியில் தகரக் கொட்டகையில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்தவன் நானே முதல்வன். பட்டறைகளில் இவ்வேலையை ‘ஏர் எடுப்பது’ என்பார்கள். சிறு வயது முதல் விடுமுறை நாட்களில் எனக்கு இடப்பட்ட பணி அதுவே. மாமா வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். நான் ஓட்டுநர் இருக்கையில் இருப்பேன். “மிதி மருமகனே... மிதி... மிதி... புடி!” என்பார். “புடிச்சுட்டேன் மாமா!” என்பேன். கால் தரைவரை இறங்கும். “விடாதே!” என்று குரல் வரும். அந்த மிதிக்கும் பிடிக்கும் பொருள் எனக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் முழுவதும் விளங்கியது.

பாஸ்கல் கண்ட விதி

பிரான்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1623-இல் பிறந்து 1662-இல் மறைந்தவர். முப்பத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்த அவர், மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓர் இடத்தில் தரப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று கண்டார். திரவச் சமநிலை பற்றிய அவர் நூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1663-இல் வெளிவந்தது.

அழுத்தம் சமமாகப் பரவுமெனில், சிறு பரப்பில் சிறு விசை தந்து, பெரும் பரப்பில் பெரும் விசை பெறலாம் அன்றோ? இக்கருத்தைக் கொண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பார் 1795-இல் நீரழுத்தப் பொறியை அமைத்தார். நம் பகுதிக்கு இது புதிதன்று. பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டும் பொறியும் இவ்விதியின் பிள்ளையே. மலைபோல் குவிந்த பஞ்சை இறுகிய கட்டாக ஒடுக்குவது திரவத்தின் வலிமைதான்.

தொடக்கக் கால மோட்டார் வண்டிகளில் மிதியிலிருந்து சக்கரம் வரை கம்பிகளும் கயிறுகளுமே இருந்தன. ஒரு பக்கக் கம்பி சற்றே தளர்ந்தாலும் அச்சக்கரம் பிடிக்காது. வண்டி மறுபக்கம் இழுக்கும். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பார் கம்பிக்குப் பதிலாகத் திரவத்தைக் கொண்டு வந்தார். 1921-இல் டியூசென்பெர்க் நிறுவனத்தின் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களிலும் திரவத் தடுப்பான்களுடன் வெளிவந்தது. திரவத்துக்குப் பக்கச் சார்பு கிடையாது. நான்கு கிளைகளிலும் ஒரே அழுத்தத்தையே அது கொண்டு செல்லும். நம் நாட்டில் இத்தடுப்பான்களைச் செய்யும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்டது. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் முதல் இன்றைய சிறு கார்கள் வரை அனைத்தும் பாஸ்கலின் விதியையே நம்பி ஓடுகின்றன.

ஒரு சிறு கணக்கு

மிதியை அழுத்தும் கால் 20 கிலோ எடை அளவு விசை தருவதாகக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அதன் நெம்பு விகிதம் 5 எனில், மாஸ்டர் சிலிண்டரின் தண்டில் 100 கிலோ விசை விழும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் எனில் பரப்பு ஏறத்தாழ 2.84 சதுர செ.மீ. ஆகவே திரவத்தில் எழும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 35 கிலோ. முன் சக்கரத் தட்டைப் பற்றும் கேலிப்பரில் உள்ள உலக்கையின் விட்டம் 48 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பரப்பு சுமார் 18.1 சதுர செ.மீ. அங்கே பிறக்கும் விசை 35 × 18.1, அதாவது ஏறத்தாழ 630 கிலோ! இருபது கிலோ கால் அழுத்தம், ஒரு சக்கரத்தில் மட்டும் அறுநூறு கிலோவுக்கு மேற்பட்ட பிடியாக மாறுகிறது. எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் தரும் துணையை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை பெருகினால் நகர்ச்சி குறையும். மாஸ்டர் சிலிண்டர் பல மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் சக்கரத்தில் உள்ள உலக்கை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும். பிரேக் பட்டைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது என்பதால் இது போதுமானது. ஆனால் இந்தச் சிக்கனமான நகர்ச்சியை வேறு எதுவும் தின்றுவிடக்கூடாது. அதைத் தின்பதுதான் காற்று.

காற்று செய்யும் கேடு

திரவம் எளிதில் சுருங்காது. மேலே சொன்ன 35 கிலோ அழுத்தத்தில் பிரேக் திரவம் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவே சுருங்கும். காற்றோ பாயில் விதிக்குக் கட்டுப்பட்டது. 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட அவ்விதியின்படி, வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு பருமன் குறையும். குழாயில் ஒரு கன செ.மீ. காற்று இருப்பதாகக் கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் அழுத்தம் சுமார் 36 மடங்கு ஆகிறது. காற்று முப்பத்தாறில் ஒரு பங்காக ஒடுங்கிவிடுகிறது. ஒடுங்கிய இடத்தை நிரப்பத் திரவம் ஓட வேண்டும். அதற்கு மாஸ்டர் சிலிண்டரின் உலக்கை சுமார் 3.4 மில்லிமீட்டர் வீணாக நகர வேண்டும். மிதியில் அது ஐந்து மடங்கு, அதாவது 17 மில்லிமீட்டர். சுண்டு விரலின் நுனி அளவுள்ள காற்று மிதியின் பயணத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவானதை விழுங்கிவிடுகிறது. காற்று நான்கைந்து கன செ.மீ. இருந்தால் மிதி தரையைத் தொட்ட பிறகும் சக்கரத்தில் போதிய பிடி இருக்காது.

ஓட்டுநர்கள் ‘பெடல் பஞ்சு மாதிரி போகுது’ என்று சொல்வதன் பொருள் இதுவே. நம் ஊரார் பஞ்சை அறிந்தவர்கள். உவமையும் அங்கிருந்தே வந்திருக்கிறது.

‘ஆயில்’ என்னும் பெயர் செய்யும் குழப்பம்

பிரேக்கில் ஊற்றும் திரவத்தைப் பட்டறையிலும் கடையிலும் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். உண்மையில் பெரும்பாலான கார்களில் உள்ளது எண்ணெயே அன்று. அது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள், நீரில் கரையக்கூடியது. இந்தப் பெயர்க் குழப்பம் உயிரோடு விளையாடக் கூடியது. எஞ்சின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் சிறிதளவு கலந்தாலும், மாஸ்டர் சிலிண்டரிலும் சக்கர உருளைகளிலும் உள்ள ரப்பர் கப்புகள் ஊறிப் பருத்துவிடும். பருத்த ரப்பர் நகர மறுக்கும்; சில சமயம் பிடித்த பிரேக் விடாது, சில சமயம் பிடிக்கவே பிடிக்காது.

எங்கள் உறவினர் ஒருவரின் சுமை ஆட்டோவுக்கு இப்படி நேர்ந்தது. வழியில் திரவம் குறைந்திருப்பதைக் கண்டு யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு கையில் இருந்த எண்ணெயை ஊற்றிவிட்டார். ‘ஆயில்தானே’ என்பது அவர் நினைப்பு. ஒரு வாரம் கழித்துத் திருச்சுழிச் சாலையில் மிதி கீழே போய்விட்டது. வண்டி கருவேலம் புதரில் ஏறி நின்றதால் உயிர் தப்பியது. கால் எலும்பு தப்பவில்லை. டப்பாவின் மேல் எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லை என்று குறை சொல்வது எளிது. அதில் இருந்த எழுத்து ஆங்கிலம். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஆங்கிலம் படிப்போர் எத்தனை பேர்?

ஆகவே அந்த எழுத்தின் பொருளை இங்கே தமிழில் தருகிறேன். டப்பாவில் உள்ள ‘டாட்’ என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அதையடுத்து வரும் எண் தரத்தைக் குறிக்கும். தரம் என்பது முதன்மையாகக் கொதிநிலையே. டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 குறைந்தது 230 பாகை வரை, டாட் 5.1 குறைந்தது 260 பாகை வரை. இம்மூன்றும் கிளைக்கால் இனம். டாட் 5 என்பது சிலிக்கோன் இனம். பெயர் நெருக்கமாக இருந்தாலும் அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. நம் சிறு கார்களுக்குப் பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 போதும். எது என்பது திரவத் தொட்டியின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

மலைச்சாலையும் கொதிநிலையும்

நிற்கும் வண்டியின் சக்கரத்தில் உள்ள திரவத்துக்கு 230 பாகை கொதிநிலை எதற்கு என்று கேட்கலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடை 1000 கிலோ. உயர வேறுபாடு சுமார் 1800 மீட்டர். இழக்கும் நிலை ஆற்றல் ஒரு கோடியே எழுபத்தாறு லட்சம் ஜூல், அதாவது ஏறத்தாழ 4200 கிலோ கலோரி. அறை வெப்பத்தில் உள்ள 60 லிட்டர் நீரை, நான்கு பெரிய குடம் நீரை, கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவு வெப்பமும் எங்காவது போயாக வேண்டும். எஞ்சினும் காற்றின் தடையும் ஒரு பகுதியை ஏற்கும். மிச்சம் பிரேக் தட்டுகளில்தான் விழும். ‘எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு’ என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதற்குக் காரணம், எஞ்சினின் பங்கைக் கூட்டிப் பிரேக்கின் பங்கைக் குறைப்பதே. இயற்பியல் படிக்காதவர்கள் கண்ட இயற்பியல் அது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கிளைக்கால் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர்க் குழாய் வழியாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் காற்றின் ஈரம் சிறுகச் சிறுக உள்ளே சேரும். நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த நிலையில், டாட் 3 திரவத்துக்குத் தரநூல் விதிக்கும் குறைந்த அளவுக் கொதிநிலை வெறும் 140 பாகை. டாட் 4-க்கு 155. மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியாகும். ஆவியும் வளியே, பாயில் விதி மீண்டும் தலைகாட்டும். மேலிருந்து இறங்கும்போது நன்றாக இருந்த மிதி, கீழே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்திப் புறப்படும்போது தரையைத் தொடும். ஓடும்போது குளிர்வித்த காற்று நின்றுவிட்டதால் தட்டின் சூடு திரவத்துக்கு ஏறியதே காரணம். இதனாலேயே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது நல்லது என்கிறார்கள். எனவே காற்று எடுப்பதும் பழைய திரவத்தை மாற்றுவதும் ஒரே வேலையின் இரு பயன்கள்.

காற்றை வெளியேற்றும் வழிகள்

ஒவ்வொரு சக்கரத்திலும் உருளையின் மேற்பகுதியில் ‘நிப்பிள்’ எனப்படும் சிறு திருகு இருக்கும். அது மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு. காற்று திரவத்தைவிட இலேசானது. மேலே வந்து தங்கும். கேலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். பிறகு எத்தனை முறை முயன்றாலும் காற்று போகாது.

பழைய முறை இருவர் செய்வது. ஒருவர் மிதிப்பார், மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடுவார். கருவி எதுவும் வேண்டாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் கால் எழும்புமுன் நிப்பிளை மூடியாக வேண்டும். ஒரு நொடி தவறினால் வெளியேறிய காற்று உள்ளே திரும்பும். மேலும், பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரின் உலக்கை வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போகும்போது, அங்கே படிந்துள்ள துருவும் அழுக்கும் ரப்பர் கப்பைக் கிழித்துவிடலாம். காற்று எடுக்கப் போய்ப் புதிய மாஸ்டர் சிலிண்டர் வாங்கி வந்தவர்கள் உண்டு.

நிப்பிளைத் திறந்து வைத்துப் புவியீர்ப்பால் சொட்ட விடுவது இரண்டாவது முறை. பொறுமை மிகுந்தவர்களுக்கு ஏற்றது. நிப்பிளில் வெற்றிடக் கைப்பம்பு பொருத்தி உறிஞ்சுவது மூன்றாவது. இதில் திருகின் மரை வழியே வெளிக்காற்றும் உறிஞ்சப்படுவதால் குமிழ்கள் வந்துகொண்டே இருக்கும்; உள்ளே காற்று தீர்ந்ததா இல்லையா என்று தெரியாது. நான்காவது முறை, மேலே தொட்டியிலிருந்தே திரவத்தை அழுத்தித் தள்ளுவது. இதற்கான கருவியே அழுத்தக் கலம். ‘பிரஷர் பிளீடர்’ என்று விற்கப்படுகிறது.

பெட்ரோமாக்ஸ் விளக்கின் உறவினர்

அழுத்தக் கலத்தைப் புரிந்துகொள்ள நமக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கையும், வீட்டில் இருந்த பம்பு ஸ்டவ்வையும் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அடியில் உள்ள தொட்டியில் மண்ணெண்ணெய்; அதன் மேல் காற்று. பம்பு அடிக்க அடிக்கக் காற்றின் அழுத்தம் எண்ணெயைத் தள்ளி மேலே ஏற்றும். அணைக்கும்போது சிறு திருகைத் தளர்த்திக் காற்றை விடுவோம். அழுத்தக் கலமும் அவ்வாறே. மூடிய கலம், கைப்பம்பு, அழுத்தமானி, ஒரு நெகிழ் குழாய், காரின் திரவத் தொட்டியில் காற்றுப் புகாமல் பொருந்தும் ஒரு மூடி ஆகிய ஐந்துமே அதன் உறுப்புகள். கலத்தில் புதிய திரவம் இருக்கும். குழாய் கலத்தின் அடிவரை செல்வதால் காற்று குழாய்க்குள் வராது. திரவம் மட்டுமே வரும்.

மிளகாய்க்கும் பருத்திக்கும் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானும் இதே அமைப்புடையது. ஆகவே சிலர் சிறு தெளிப்பான் ஒன்றைக் கொண்டு தாமே இக்கருவியைச் செய்துகொள்கின்றனர். அதே வண்டிக்குரிய தொட்டி மூடி ஒன்றைத் தனியே வாங்கித் துளையிட்டு, வாஷரும் நட்டும் கொண்டு குழாயைப் பொருத்துகின்றனர். செய்வோர் இரண்டை மறக்கக் கூடாது. தெளிப்பான் முற்றிலும் புதியதாக இருக்க வேண்டும். மருந்தோ நீரோ ஒருமுறை கண்டதாக இருக்கக் கூடாது. அதன் ரப்பரும் குழாயும் பிரேக் திரவத்தைத் தாங்கக் கூடியவையாக இருக்க வேண்டும். அழுத்தமானி இல்லாத கருவியைத் தொடவே வேண்டாம்.

அழுத்தம் எவ்வளவு? சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ, அதாவது அழுத்தமானியில் 15 பவுண்டுக்குள், போதும். மிதியின் 35 கிலோவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் வாய் 5 செ.மீ. அகலம் எனில் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ.; ஒரு கிலோ அழுத்தத்திலேயே மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை 20 கிலோ. ‘இன்னும் நாலு பம்பு’ என்று ஆசைப்பட்டால் மூடி பறக்கும்; திரவம் எஞ்சின் அறை முழுவதும் தெறிக்கும்.

செய்முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

2. திறக்காத புதிய டப்பாத் திரவம் ஒரு லிட்டர் வேண்டும். அதைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் நாம் விரட்ட நினைக்கும் காற்றை நாமே கலந்தவராவோம்.

3. தொட்டியின் மூடியைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். நம் பகுதிக் கரிசல் தூசி மிக நுண்ணியது. பழைய திரவத்தை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றலாம்.

4. கருவியின் மூடியைத் தொட்டியில் இறுக்கி, முதலில் கலத்தில் திரவம் இல்லாமலே பம்பு அடித்து, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் காற்றோடு போகட்டும், திரவத்தோடு வேண்டாம். பிறகு அழுத்தத்தை விடுத்து, கலத்தில் திரவம் ஊற்றி, மீண்டும் அடிக்க வேண்டும்.

5. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பது வரிசை. சில வண்டிகளில் குழாய்கள் குறுக்காகப் பிரிந்து செல்வதால் வரிசை மாறும்; அவ்வண்டியின் கையேடு சொல்வதே முடிவு.

6. நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் பின் ஒளி ஊடுருவும் சிறு குழாயைச் செருக வேண்டும். குழாயின் மறுமுனை ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது திரவத்துக்குள் மூழ்கியிருக்கட்டும்.

7. நிப்பிளைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திறந்தால் போதும். முதலில் காப்பி நிறத்தில் பழைய திரவமும் இடையிடையே குமிழ்களும் வரும். உருளையை மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழ்கள் விடுபடும். தெளிந்த திரவம் குமிழின்றி வந்ததும் மூடிவிட வேண்டும். நிப்பிள் சிறியது, வலிமையைக் காட்டி இறுக்கினால் ஒடிந்துவிடும்.

8. நான்கு சக்கரங்களும் முடியும்வரை கலத்தில் திரவம் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்ந்தால் குழாய் வழியே காற்று பாயும்; முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் மீண்டும் சில பம்பு அடிக்கலாம்.

9. முடிந்ததும் அழுத்தத்தைக் கலத்தின் பக்கம் மெல்ல விடுவித்து, முள் பூச்சியத்துக்கு வந்த பின்னரே தொட்டியின் மூடியைக் கழற்ற வேண்டும். தொட்டியில் மேல் கோட்டுக்கு மேல் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

10. எஞ்சினை இயக்காமல் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, நான்கு நிப்பிள்களிலும் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்கு வர வேண்டும்.

திரவம் வண்ணப் பூச்சை அரிக்கும்; சிந்தினால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அவ்வாறே கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடித்தால் நஞ்சு. பழைய திரவத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை; வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கிணற்றடியிலும் கண்மாய்க் கரையிலும் கொட்டவும் கூடாது.

மிதி சொல்லும் செய்தி

காற்று எடுப்பது எல்லா நோய்க்கும் மருந்தன்று. மிதி பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தால் உயர்ந்து நின்றும் மென்மையாகவே இருந்தால், காற்று எனலாம். அடித்த பின் உயர்ந்து கெட்டியாக நின்றால், பின் சக்கரப் பட்டைகள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தோற்றுவிட்டது அல்லது எங்கோ கசிகிறது. மிதி கல்லாக இறுகி வண்டி நிற்க மறுத்தால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். திரவத் தொட்டி அடிக்கடி குறைகிறதென்றால், ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. அது போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மற்றொரு வரம்பும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயம். அதன் வால்வுகளுக்குள் காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளில் கணினிக் கருவி கொண்டு வால்வுகளைத் திறந்து மூடினால்தான் அது வெளிவரும். அத்தகைய வேலையை வீட்டில் தொடங்காமல் இருப்பதே அறிவுடைமை.

முடிவுரை

அழுத்தக் கலத்தின் பெரும் பயன், தனி ஒருவரே இவ்வேலையைச் செய்யலாம் என்பது. என் மாமாவுக்கு இப்போது மிதிக்க ஆள் தேட வேண்டியதில்லை. பாஸ்கல், பாயில் ஆகியோரின் விதிகளை வகுப்பில் படித்த அன்று மாலை, பட்டறையில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். கணக்கை எல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ இத்தனை வருசமா நான் செஞ்சதுக்கு ஒரு பேரு இருக்கா?” என்றார். இருக்கிறது. முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அவர் மொழியில் அவர் கைக்கு வந்து சேரவில்லை என்பதே குறை.

அவர் கைக்குத் தெரிந்ததும் நம் பாடநூலுக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். நம் கல்லூரியில் தறி ஓட்டுவோர், ஆலையில் வேலை செய்வோர், கிணற்று மோட்டார் கட்டுவோர் எனப் பல தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கிறோம். அவரவர் வீட்டுத் தொழிலில் மறைந்திருக்கும் அறிவியலை அவரவர் தமிழில் எழுதினால், அடுத்த ஆண்டு மலர்கள் பட்டறைத் தகரக் கொட்டகைகளிலும் படிக்கப்படும். அங்கே ஒருவர் டப்பாவின் எழுத்தைப் பார்த்து, ஊற்றலாமா கூடாதா என்று தாமே முடிவு செய்வார். சாலையில் ஒரு வண்டி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.